ராசு என்ன சாப்பிட்டான்?

என் கதைகளில் எல்லாரும் எப்போது பார்த்தாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு பையன் போனில் என்னிடம் புகார் சொன்னான். "மாமா, பேய் துரத்துது. அப்பக்கூட ஒருத்தன் பக்கோடா சாப்பிடறான். ஏன் மாமா?" கேட்டுவிட்டு, அவன் அம்மா வரும் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டான். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பிள்ளைகளே, நாவல் எழுதுகிறவர் என்றால் மேசை, நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே மரம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆரணியில் எனக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன் நான். மகள் கயல்விழி சின்ன வயதில் கதை இல்லாமல் வாயே திறக்க மாட்டாள். ஒரு வாய்க்கு ஒரு "ம்", ஒரு "ம்"முக்கு ஒரு வாய். அப்படி ஊட்டும்போது சொன்ன கதைகள்தான் பிறகு புத்தகமாயின. இப்போதும் மிஷின் ஓடும்போது நின்றபடியே எழுதுகிறேன். கையெழுத்துப் பிரதியைப் பிரித்தால் கோதுமை மாவு கொட்டுகிறது என்று பதிப்பகத்தார் வருத்தப்பட்டார்கள். "தட்டிட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று என் மனைவியும் கேட்டாள். இப்போது தட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

படித்தவர்கள் சொல்வதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்வேன். ஒரு தலைமை ஆசிரியர், கதையின் முடிவில் நீதி இல்லை என்றார். ஒரு சிறுமி, முயலுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். ஆனால் மரக்காணத்திலிருந்து அமலா பேசியது போல யாரும் பேசியதில்லை.

"சார், நான் உப்பளத்துல வேலை செய்யறேன். என் பொண்ணுக்கு ஸ்கூல்ல உங்க புக்கு பிரைஸா குடுத்தாங்க. காத்தால வேலை முடிஞ்சி கொட்டகையில கஞ்சி குடிக்கச்சொல்ல நான் எல்லாருக்கும் படிச்சிக் காட்டறேன். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அடுத்த பாகம் எப்ப வருது சார்?"

அடுத்த பாகம் இல்லை என்றேன். அமலா மெதுவாக, "அப்ப நேர்ல வர முடியுமா சார்? கடைசி அத்தியாயத்த நீங்களே வந்து படிங்க" என்றார். அந்தக் குரலில் என்னவோ ஒரு பயம் இருந்தது. மில்லை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

எந்த பஸ், எங்கே மாறினேன் என்றெல்லாம் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். ஆனால் ஒரு கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பேர் முன்னால் படிக்க வேண்டுமே என்று, கடைசி பஸ்ஸில் என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். அதில் மூழ்கி, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன். தன் புத்தகத்தையே படித்து ஸ்டாப்பைத் தவறவிட்ட ஆள் வேறு யாராவது இருப்பார்களா, தெரியாது.

"மரக்காணம் மரக்காணம்னு தொண்டை கிழிய கத்தினேனே, காதுல இன்னா வெச்சிருந்தீங்க?" என்று கேட்ட கண்டக்டர், என்னைக் கூனிமேட்டில் இறக்கிவிட்டார்.

இறங்கிய இடத்திலேயே ஒரு டீக்கடை. கறிச் சமோசா அப்போதுதான் எண்ணெயிலிருந்து வெளியே வந்திருந்தது. ஆரணிச் சமோசா முக்கோணமாய் மெத்தென்று இருக்கும். இது கைக்குட்டையை மடித்தது போலத் தட்டையாக, கடித்தால் நொறுங்கியது. இரண்டு சாப்பிட்டேன். கடைக்காரப் பெரியவர் என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன்.

"கதையா? மாஷா அல்லா. எத்தினி பேர் படிப்பாங்க?"

"தெரியலைங்க பாய்."

"தெரியாமலா எழுதறீங்க? எத்தினி பேர் டீ குடிப்பாங்கன்னு தெரியாம நான் பால் வாங்கினா கடை இன்னாத்துக்கு ஆவும்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "பாய், உங்க பால் மிச்சமானா கெட்டுப்பூடும். புக்கு கெடாது இல்ல?" என்று எனக்காக வாதாடினார். அவர் மீன் வண்டி ஓட்டுகிறவர். மரக்காணத்துக்கு அவரே என்னை ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். இறங்கும்போது பேன்ட் பின்னால் முழுக்க ஈரம். மேலெல்லாம் வஞ்சிர வாசம். மாலையும் பட்டும் இல்லாவிட்டாலும், எழுத்தாளர் இப்படியா வந்து இறங்குவார்?

என்னை அழைத்துப்போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார் அமலா. முப்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். என் ஈரத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் அவர் வீட்டில் மடவை மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் வாரத்துக்கு ஒருநாள் ஐஸில் வரும். அதற்குப் புளியை அள்ளிப் போட்டால்தான் ஆகும். இந்த மீன் காலையில் நீந்திக்கொண்டிருந்தது. குழம்பில் புளி இருப்பதே தெரியவில்லை. அமலாவின் கணவர் அந்தோணி என் இலையைப் பார்த்துப் பார்த்துத் துண்டு வைத்தார்.

நான் கை கழுவி வந்ததும் அமலா விஷயத்துக்கு வந்தார்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். புக்குல இல்லாததையும் சேர்த்துப் படிச்சிட்டேன்."

அந்த நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சலை என்ற சிறுமி, காது கேட்காத ஒரு கன்றுக்குட்டியை வளர்க்கிற கதை. அஞ்சலைக்கு ராசு என்று ஓர் அண்ணன். மூன்றாம் அத்தியாயத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டு, வேலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறிவிடுவான். அதற்குப் பிறகு கதை முழுக்கக் கன்றுக்குட்டியைப் பற்றித்தான். ராசுவைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

"எங்ககூட பச்சையம்மா அத்தை வேலை செய்யுது. மூணாவது அத்தியாயம் படிச்ச மறுநாளு, 'அந்தப் பெரியவன் இன்னாடி ஆனான்?'னு கேட்டுச்சி. புரட்டிப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. அதும் மூஞ்சியப் பார்த்துட்டு இல்லன்னு சொல்ல வாய் வரல சார். திருப்பூர்ல ஒரு பேக்கரியில சேர்ந்துட்டான்னு சொல்லிட்டேன்."

பச்சையம்மாளின் ஒரே மகன் சேகர், வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டையில் கிளம்பிப் போனவன். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. போன் சுவிட்ச் ஆஃப்.

"கதை கேக்கறவங்க எல்லாம் ம் கொட்டுவாங்க. அத்தை மட்டும் கொட்டாது. ஆனா ராசு பேச்சு வந்தா மட்டும் 'ம்'னு சொல்லும். அந்த ஒரு 'ம்'முக்காகத் தினமும் ரெண்டு வரி சேர்த்துப் படிச்சேன். பன்னு சுட கத்துக்கிட்டான், கை சுட்டுக்கிச்சி, முதலாளி மருந்து போட்டாரு, அப்படி இப்படின்னு. இப்ப கதை முடியப்போவுது. அவனை நான் இன்னா சார் பண்ணட்டும்?" கொஞ்சம் நிறுத்தி, "வந்துட்டான்னு படிச்சிடுங்க சார், நாளைக்கு" என்றார்.

அந்தோணி, "நல்லா இருக்குதே. கதையில வந்துட்டான்னு கேட்டா நாளையிலேருந்து அது வேலைக்குப் போவாது. பஸ் ஸ்டாப்பாண்ட போயி உக்காந்துக்கும்" என்றார்.

"வரலன்னு படிச்சா கொட்டகைக்கே வராது" என்றார் அமலா.

"அதுக்குத்தான் ஆரம்பத்துலேயே புக்குல இருக்கறத மட்டும் படின்னேன்."

"நீ எங்க சொன்ன? நீயும் வீட்டுல உக்காந்து 'ராசுவுக்கு சம்பளம் இன்னா'ன்னு கேட்டவன்தானே!"

அந்தோணி என்னைப் பார்த்து அசடு வழிந்தார்.

சர்ச்சுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை சொல்லிவைத்திருந்தார்கள். நடந்து போகும்போது வீட்டுக்கு போன் செய்தேன். கயல்விழிதான் எடுத்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், இருந்தாலும் முதல் கேள்வி, "இன்னா சாப்பிட்ட?" அதைச் சொன்ன பிறகு ராசு விவகாரத்தையும் சொன்னேன்.

"நான்கூடக் கேட்டேனேப்பா, அண்ணன் எங்க போனான்னு. அப்புறம் பார்க்கலாம்னு சொன்ன. அப்புறம் நீயும் பார்க்கல, நானும் மறந்துட்டேன்."

அறைக்கு வந்து கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். அஞ்சலையின் ஊரில் திருவிழா. கன்றுக்குட்டி பரிசு வாங்குகிறது. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதோடு கதை முடிகிறது. ராசு வந்தான் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தோணி சொன்னது காதிலேயே இருந்தது. கதை கேட்டுவிட்டு ஒரு தாய் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தால், அங்கே இருந்து அவரை யார் எழுப்பி அழைத்துவருவது? நானா? நான் ஆரணியில் மாவு அரைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் முடிவு செய்யாமலே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாளைச் சொல்வதற்கு முன்னால், நான் ஊர் திரும்பிய கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையை பஸ்ஸில் முடிக்க எனக்கு மனமில்லை. கிளம்பும்போது உப்பளத்துப் பெண்கள் ஒரு பை உப்பும், நெத்திலிக் கருவாடும் கட்டிக்கொடுத்தார்கள். பையில் எங்கேயோ ஓட்டை. பஸ் முழுக்க வெள்ளைக் கோடு. "இன்னா சார், கோலம் போட்டுக்கினு வர்றீங்களா?" என்றார் கண்டக்டர். கருவாட்டு வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அரைப் பை உப்பு. போதும்.

இப்போது இரண்டாம் நாள்.

காலையில் அந்தோணியின் வண்டியில் உப்பளத்துக்குப் போனேன். எங்கள் மில்லிலும் எல்லாம் வெள்ளைதான். ஆனால் அங்கே வெள்ளை பறக்கும். மூக்கிலும் காதிலும் போய் உட்காரும். இங்கே வெள்ளை அசையாமல் படுத்திருந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். ஆண்கள் நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரிசையாக நடந்து, குவியலில் கொட்டினார்கள். நான் ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு உயரம் வரைதான் வந்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

வெயில் ஏறியதும் வேலை முடிந்தது. ஓலைக் கொட்டகையில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். தூக்குகள் திறந்தன. கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு, பச்சை வெங்காயம். எனக்கும் ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார்கள்.

ஜெயந்தி என்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரா எழுத்தாளரு? நம்ம ரைஸ் மில்லுல நிக்கறவரு மாதிரி இல்ல இருக்காரு?"

"மாவு மில்லுதாங்க என் தொழில்" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. "பாரு, என் கண்ணு தப்பாது" என்றார் ஜெயந்தி. பிறகு ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார்கள். கன்றுக்குட்டிக்குக் காது கேட்கவைத்திருக்கலாம் என்றார் ஒருவர். அஞ்சலையின் சித்தி செய்த அக்கிரமத்துக்கு அவளைச் சும்மா விட்டது தப்பு என்றார் இன்னொருவர்.

"ஆனா சார், ராசு கை சுட்டுக்கற இடம் இருக்குதே, அங்கதான் நீங்க நிக்கறீங்க" என்றார் ஜெயந்தி. "முதலாளி மருந்து போட்டுட்டு, 'உன் அம்மாவா இருந்தா திட்டிக்கிட்டே போட்டிருக்கும், நான் திட்டாம போடறேன்'னு சொல்றாரு பாரு, நான் அழுதுட்டேன்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதை எழுதியவர் எதிரே தலையைக் குனிந்துகொண்டு கூழைக் கலக்கிக்கொண்டிருந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

பச்சையம்மாள் யார் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து, வெடித்துப்போன பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேச்சிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். திருவிழா வந்தது. "ம்" என்றார்கள். கன்றுக்குட்டிக்கு மாலை போட்டார்கள். "ம்." பந்தி வந்தது, இலை விழுந்தது, அஞ்சலைக்கு வடை, சித்திக்குக்கூட வடை. "ம்… அவளுக்கு ஏன் வடை?" என்றார் ஜெயந்தி. அச்சடித்த வரிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அமலா என்னைப் பார்ப்பது தெரிந்தது. பச்சையம்மாளின் கை பாதத்திலேயே நின்றுவிட்டது.

கடைசி வரியையும் படித்துவிட்டேன். வாயைத் திறந்தேன்; என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

"இரு தம்பி" என்றார் பச்சையம்மாள். "நீ ஒண்ணும் தடுமாறாத. அந்தப் பெரியவன் திருப்பூர் போனது உன் புக்குல இல்லன்னு எனக்குத் தெரியும்பா."

"அத்தை…" என்றார் அமலா.

"சும்மா இருடி. நீ படிக்கச்சொல்ல உன் கண்ணு கீழயே இருக்கும். அவன் பேச்சு வந்தா மட்டும் தலையத் தூக்கி என்னைப் பார்த்துக்கிட்டே படிப்ப. புக்குல எழுதியிருக்கறத யாராவது என் மூஞ்சியப் பார்த்துப் படிப்பாங்களா?"

அமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழாத. நல்லாத்தான் படிச்ச. தெரிஞ்சிதானே நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவன் வர்றதும் வராததும் அவன் இஷ்டம். அத நீ சொல்ல வேணாம். வந்துட்டான்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். வரலன்னு சொன்னா எனக்குத் தாங்காது. இவங்க எல்லாரும் பந்தியில உக்காந்து தின்னாங்களே, அன்னிக்கி அவன் அங்க இன்னா சாப்பிட்டான்? அத மட்டும் சொல்லு."

ராசுவின் திருப்பூர்க் கதை புத்தகத்தில் இல்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேக்கரியில இன்னா இருக்கும்? பன்னுதான்" என்றார் ஜெயந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"திருவிழா அன்னிக்கி பன்னா? அத உன் புருஷனுக்குக் குடு" என்றார் இன்னொருவர்.

"முதலாளி வீட்டுல கூப்பிட்டாங்கன்னு வைங்க சார். பாவம், தனியா இருக்கற புள்ள."

"ஆமா, அந்த வீட்டம்மா நல்ல மாதிரி. கறிக் குழம்பு வெச்சிது."

"காரம் கம்மியா வெக்கச் சொல்லு" என்றார் பச்சையம்மாள். "அவனுக்குக் காரம் ஆவாது. மூக்குல தண்ணி வரும்."

ராசுவுக்குக் காரம் ஆகாது என்று நான் எழுதியதில்லை. அமலாவும் படித்ததில்லை.

போனில் புகார் சொன்ன பையா, இதை நீ படித்தால் உனக்குத்தான் சொல்கிறேன். சாப்பிடுவதைப் பற்றி நான் இன்னும் எழுதத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை, வெறும் வெள்ளை. தலையைத் தூக்கிப் பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன்:

"அன்று மத்தியானம் திருப்பூரில் பேக்கரியை மூடினார்கள். ராசு கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனான். அந்த வீட்டம்மா இலை போட்டு, சூடான சோற்றை வைத்து, காரம் குறைத்த கறிக் குழம்பை ஊற்றினார். ராசு கூச்சப்படவில்லை. பிசைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டும் என்றான்."

"ம்" என்றார் பச்சையம்மாள்.